முன்னும் பின்னும் ஒரே முகம்

அரசாங்கப் பணிக்காக என் மனைவியைத் தண்ணீர் சுமக்க வைப்பது என்று அன்று காலை முடிவெடுத்தேன். ஏற்கெனவே சுமந்துகொண்டுதான் இருந்தாள். இனி கேமராவுக்கு எதிரில் சுமப்பாள், அவ்வளவுதான்.

நான் அரசுத் திட்டங்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறவன். பின்னணிக் குரலும் நானே. வீட்டில் உப்புக் கேட்டாலும் அதே கனத்த குரல்தான் வருகிறது. இந்த முறை வீடுதோறும் குழாய்த் திட்டம். கிராமத்தில் குழாயில் தண்ணீர் கொட்டுவதை அழகாகப் பிடித்துவிட்டேன். திட்டத்துக்கு முந்தைய அவதிதான் இல்லை. "ஒரே ஒரு தடவை தண்ணி தூக்கிக் காட்டுங்கம்மா" என்று அந்த ஊர்ப் பெண்களைக் கெஞ்சினேன்.

"நீங்க தூக்குங்க, நாங்க படம் பிடிக்கிறோம்" என்று சிரித்தார்கள்.

திங்கட்கிழமை படத்தை அதிகாரிக்குப் போட்டுக் காட்ட வேண்டும். தவறினால் அடுத்த படம் வேறு ஆளுக்கு.

எங்கள் மாடி வீட்டுக் குழாயில் பல மாதமாகக் காற்றுதான் வருகிறது. மனைவி கீழ்த்தொட்டியிலிருந்து வாளி வாளியாகச் சுமக்கிறாள். "ஆள் வர்றான், ஆள் வர்றான்" என்று நானும் சளைக்காமல் சொல்லிவருகிறேன். பின்புறப் படிக்கட்டில் காரை பெயர்ந்த சுவர். கிராமம் என்றால் யாரும் நம்புவார்கள்.

ஒரே ஓர் ஆபத்து. திட்டத்துக்கு 'முன்' காட்சியில் முகம் காட்டிய ஆளை, தண்ணீர் வந்த 'பின்' காட்சியிலும் காட்டியாக வேண்டும். அதிகாரி இதில் படு கறார். இதைச் சொல்லி நான் சாப்பாட்டு வேளையில் புலம்பாத நாளே கிடையாது. ஆகவே முகம் வரவே கூடாது.

"உன் முதுகு மட்டும்தான் வேணும்" என்றேன் மனைவியிடம்.

"அதுதாங்க போயிடுச்சு. மிச்சம் இருந்தா எடுத்துக்குங்க."

"திரும்பிப் பார்க்கக் கூடாது."

"எதுக்குங்க?"

"கலை."

"சரிங்க."

கல்யாணமான நாளாக அவள் இவ்வளவு சுலபமாகச் 'சரிங்க' சொன்னதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வாளியோடு ஏறினாள். நடுப்படியில் வாளியை வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெல்லத் திரும்பி, நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

"கட்! திரும்பாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"மூச்சு வாங்குச்சுங்க. வேண்டாம்னா வெட்டிடுங்க."

வெட்டத்தான் போனேன். எடிட்டர் விடவில்லை. "என்னா நடிப்பு சார் இந்தம்மா! எங்க பிடிச்சீங்க?"

அவள் நடிக்கவில்லை. தினமும் அந்தப் படியில் அப்படித்தான் நின்றிருக்கிறாள். நான் மேலே உட்கார்ந்து மக்களின் துயரத்தைப் பற்றி வசனம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். முகத்தை வெட்ட மனசு வரவில்லை.

திங்கட்கிழமை. அதிகாரி படத்தை நிறுத்தச் சொல்லி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்கதான்யா படமே! இவங்க வீட்டுக் குழாய்ல தண்ணி வர்றது எங்க?"

"அது... எடுத்துட்டு இருக்கோம் சார்."

"எடுத்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

குழாய் ரிப்பேர்க்காரரைக் கையோடு இழுத்துவந்தேன். புதுக் குழாய் வந்தது, மோட்டார் வந்தது. சமையலறையில் கேமராவை வைத்தேன். மனைவி குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டியது. கையை அதில் நனைத்தபடி சிரித்தாள். எத்தனையோ பேருக்கு நான் எழுதிக்கொடுத்த எந்தச் சிரிப்பும் அப்படி வந்ததில்லை.

"உண்மையைச் சொல்லு. அன்னைக்கு வேணும்னேதானே திரும்பினே?"

"முன்னாடி காட்டின முகத்தைப் பின்னாடியும் காட்டணும்னு தினம் சோத்தோட சேத்து ஊட்டினது யாருங்க?"

நான் கேமராவைப் பையில் போட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த படம் எதைப் பத்தி?"

"வீட்டு வசதித் திட்டம்" என்றேன், கனத்த குரலில்.

மழைக்கு ஒழுகி ஒழுகிக் கறுத்துப்போன எங்கள் கூரையை அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"முன் காட்சிக்கு வெளிய அலையாதீங்க. நான் கீழ ஒரு வாளி வச்சு நிக்கிறேன், முகம் நல்லாத் தெரியற மாதிரி எடுங்க."