சுஷ்மிதாவின் இருபுறமும் நட்சத்திரம்

அச்சகத்திலிருந்து வந்த பெட்டியைச் சாதியா திறந்தாள். அவள் வரைந்த மயிலும் இல்லை, தாமரையும் இல்லை. அத்தனை கல்யாண அழைப்பிதழ்களிலும் '*சுஷ்மிதா*', '*அகிலன்*' என்று பெயர்களின் இருபுறமும் நட்சத்திரக் குறிகள்தான் நின்றன.

படம் வரைவதற்கு முன் வெறும் சொற்களை மட்டும் எழுதிக்கொள்வது அவள் பழக்கம். தடித்த எழுத்தில் வரவேண்டிய பெயருக்கு இருபுறமும் நட்சத்திரம் வைப்பாள். பிழை பார்க்க அதைத்தான் மணப்பெண்ணின் அம்மா பாக்கியலட்சுமிக்கு முதலில் அனுப்பியிருந்தாள். அச்சகத்தில் அதையே அடித்துவிட்டார்கள்.

"அச்சகத்து ஜமால் பாய் ஃபோனை ஆஃப் பண்ணிட்டு எல்லை தாண்டி ஜொகூர் போயிட்டாராம் லா," என்றான் அவள் கணவன் ரிஸ்வான்.

"பாக்கியலட்சுமி ஆன்ட்டி மார்சிலிங் வீட்டுலேர்ந்து கிளம்பிட்டாங்க. அத்தா காலத்து கஸ்டமர்ல மிச்சம் அவங்க ஒருத்தர்தான். அவங்களும் போயிட்டா?" என்றாள் சாதியா.

அவளைப் பெற்ற அத்தா நூருல் அமீன், சிராங்கூன் சாலையின் இதே மாடியறையில் தட்டச்சில் அழைப்பிதழ் அடித்தவர். படம் அச்சடிக்க வசதியில்லாத வீடுகளுக்கு, விசைகளைத் தட்டியே ஓரமெல்லாம் பூவேலை செய்துகொடுப்பார். அந்தச் சத்தத்தில்தான் சாதியா வீட்டுப்பாடம் எழுதினாள். இன்றும் அமைதியான அறையில் அவளுக்கு வேலை ஓடாது.

"தங்க ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிடலாம்," என்றான் ரிஸ்வான்.

ஒட்டினார்கள். ஸ்டிக்கர் நட்சத்திரத்தோடு பக்கத்து எழுத்தையும் விழுங்கியது.

"ஷ்மிதாவுக்கும் கிலனுக்கும் கல்யாணமா? ஐயோ, பிய்ங்க!"

பிய்த்தால் தாளும் கூடவே வந்தது. ரிஸ்வான் பசை இளகட்டும் என்று ஹேர் டிரையரைக் காட்டினான். தங்கம் வழிந்து ஈஷிக்கொண்டது.

"அம்மை வார்த்த பிள்ளை மாதிரி இருக்குங்க," என்று சாதியா அழாக்குறையாகச் சொன்னபோது கதவு திறந்தது.

பாக்கியலட்சுமி தேக்கா சந்தையில் வாங்கிய மல்லிகைப் பையோடு நின்றார். சாதியா பெட்டியைக் காலால் மேசைக்கடியில் தள்ளினாள். அவர் குனிந்து, கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்தே விட்டார்.

"மன்னிச்சிருங்க ஆன்ட்டி. அச்சகத்துல தப்பான ஃபைலை அடிச்சிட்டாங்க. மயில் போட்டு புதுசா அடிச்சுத் தர்றேன்."

பாக்கியலட்சுமி தப்பிப் பிழைத்திருந்த ஒரே ஒரு நட்சத்திரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"யாரும்மா தப்பா அடிச்சா? மயிலெல்லாம் வேணாம், இதையே அடிங்கன்னு ஜமால் பாய்கிட்ட நான்தான் சொன்னேன். எங்க கல்யாணக் கார்டு ஓரமெல்லாம் உங்க அத்தா அடிச்சுக் கொடுத்தது இதே நட்சத்திரம்தானே!"