அணையாத மஞ்சள் விளக்கு

"மறுபடியும் எரியுது," என்றாள் மிரான், காரில் ஏறி உட்கார்ந்ததுமே.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் டயர் படம் போட்ட மஞ்சள் விளக்கு. அவளுடைய அப்பா பியோ அதைப் பார்க்காததுபோல் கண்ணாடியைத் துடைத்தார்.

"குளிருக்கு டயர்ல காத்து கொஞ்சம் இறங்கும். இந்த சென்சாருக்குப் பயந்த சுபாவம்."

"முந்தாநாள்தானே காத்து அடிச்சேன்னீங்க? உங்களுக்கு எழுபது தாண்டியாச்சுப்பா. புத்தாண்டுக்குள்ள இது அணையலைன்னா சாவியைக் குடுத்துடுங்க. வயசானவங்க லைசென்சைத் திருப்பிக் குடுத்தா அரசாங்கமே பஸ்ல போக கார்டு தருது."

"நான் ஓட்டின பஸ்ல நானே கம்பியைப் பிடிச்சுட்டு நிக்கணுமா?"

வொன்ஜு நகர பஸ்ஸை முப்பது வருஷம் ஓட்டியவர் பியோ. அப்போது சென்சார் ஏது? விடிகாலையில் சுத்தியலோடு பஸ்ஸைச் சுற்றி வருவார். டயரில் ஒரு தட்டு, சத்தமே சொல்லிவிடும். கண்டக்டர் பெண்கள் பின்னாலேயே வந்து, "டாக்டர், நாடி எப்படி இருக்கு?" என்று கேலி செய்வார்கள். அப்படிக் கேலி செய்தவர்களில் ஒருத்தியைத்தான் அவர் கட்டிக்கொண்டார். அவள் போய் நாலு வருஷம். காலையில் நாடி விசாரிக்க இப்போது ஆளில்லை.

டயர் கடைக்குப் போக மானம் இடம் கொடுக்கவில்லை. மிரான் சீரியலில் மூழ்கியிருக்கும் நேரம் பார்த்து, பம்பைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, லிஃப்டை விட்டுப் பின் படிக்கட்டு வழியாகத் தரைக்குக் கீழே உள்ள பார்க்கிங்குக்கு இறங்கினார். அந்தக் குடியிருப்பில் பாதிக் கார்கள் வெள்ளை. தன் கார் தூணுக்கு வலப்பக்கம் என்பது அவருக்கு மனப்பாடம். குனிந்து அடித்தார். சுத்தியலால் தட்டினார். கணீரென்றது.

மறுநாள் காலை விளக்கு எரிந்தது.

இன்னும் கொஞ்சம் அடித்தார். அதற்கு அடுத்த நாளும் எரிந்தது.

அடுத்த முறை போனபோது சக்கரத்தின் அருகே ஒரு கோப்பை மக்கொல்லி அரிசிக் கள், தொட்டுக்கொள்ள இரண்டு துண்டு கருவாடு. காவலாளி குவாக்கின் உபசாரம் என்று நினைத்து, நன்றியோடு குடித்தார். திரும்பும்போது அவனுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார்.

"நல்லா இருந்துச்சு தம்பி."

"எதுங்க ஐயா?"

"நமக்குள்ளயே இருக்கட்டும்."

குவாக் குழம்பிப்போய், அவரைவிட ஆழமாகக் குனிந்தான்.

கோப்பை தவறாமல் வந்தது. அவரும் தவறாமல் அடித்தார். விளக்கு மட்டும் அணையவில்லை. கார் வேறு வலது பக்கமாக இழுத்தது. சந்தை முனையில் முட்டைக்கோஸ் வண்டியை உரசியதில், நாலு முட்டைக்கோஸ் உருண்டன. செய்தி மிரானுக்குப் போனது.

புத்தாண்டுக்கு முன்தினம் அவளே அவரை லிஃப்டில் கீழே கூட்டி வந்தாள்.

"இதுக்கா தினமும் காத்து அடிச்சீங்க?"

முன் டயர், வெந்த கொழுக்கட்டை மாதிரி தரையோடு படிந்திருந்தது.

"நேத்துகூட அடிச்சேனே. கணீர்னு கேட்டுச்சே."

குவாக் தலையைச் சொறிந்தான். "ஐயா, நீங்க அடிக்கிறது தூணுக்கு அந்தப் பக்கம் நிக்கிற காருக்கு இல்ல? கேமராவுல பார்த்தேன். மூணாவது மாடி அம்மாவுக்கு உதவி பண்றீங்கன்னு நெனச்சேன்."

பியோ லிஃப்டைப் பார்த்தார். எதிரே, பின் படிக்கட்டைப் பார்த்தார். அங்கிருந்து வந்தால் தூணின் இடப்பக்கமே வலப்பக்கமாகிவிடும் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

மிரான் கையை நீட்டினாள். "சொந்தக் காரே தெரியல. குடுங்கப்பா."

அவர் சாவியை வெளியே எடுத்தார். ஆனால் விரல்கள் விடவில்லை.

அந்தக் காருக்குச் சொந்தக்காரி, மூணாவது மாடி ஓக்-சுன், எப்போதோ வந்து பின்னால் நின்றிருந்தாள். குவாக் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. தன் காரின் திண்ணென்ற டயரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மிரானின் கையை மெல்ல இறக்கினாள்.

"வாங்கிடாதேம்மா. என் வீட்டுக்காரர் போய் அஞ்சு மாசமாகுது. டயர்ல காத்து ஏறிக்கிட்டே இருக்கவும், அவர்தான் இன்னும் வந்து அடிச்சுட்டுப் போறார்னு நெனச்சு, அவருக்குக் கோப்பையும் வெச்சுட்டு, நானும் தைரியமா ஓட்டிட்டிருக்கேன்."