இருபத்து நான்கு வாளித் தோட்டம்

உலகத் தோட்டக்கலையின் வரலாறு பாபிலோனில் தொடங்கிச் சிவகாசியில் நிறைவு பெறுகிறது. நடுவில் இருந்த இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளும் மனிதகுலம் சும்மா மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பாபிலோன் மன்னன் தன் அரசிக்காகத் தொங்கு தோட்டம் ஒன்று அமைத்தான். அதற்கு இணையான இரண்டாவது தொங்கு தோட்டத்தை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் ஆண்டு, பட்டாசு அதிபர் காசிராஜன் அவர்கள், தம் துணைவியார் சொர்ணலட்சுமி அம்மாளுக்காகத் தம் பங்களா முற்றத்தில் அமைத்தார். பாபிலோன் தோட்டம் எதில் தொங்கியது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சிவகாசித் தோட்டத்தைப் பற்றிச் சந்தேகமே இல்லை. அது தீயணைக்கும் மணல் வாளிகளில் தொங்கியது.

வாளிகள் மொத்தம் இருபத்து நான்கு. அவற்றை அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து லாரியில் ஏற்றிவந்து பங்களாவில் இறக்கியவர் அந்தக் கம்பெனியின் போர்மேன் பெத்தணன். வரலாற்றில் அவர் பெயர் வராது. ஆகவே இங்கே கொஞ்சம் வரட்டும்.

எல்லாம் கொடைக்கானலில் தொடங்கியது. அந்த ஆண்டு மே மாதம் முதலாளி குடும்பம் அங்கே ஒரு பங்களாவில் பத்து நாள் தங்கியது. முன்பு தங்கியிருந்த வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி, வீட்டு அலங்காரப் பத்திரிகை ஒன்றை அலமாரியில் விட்டுப் போயிருந்தாள். பூட்ஸுக்குள் ரோஜா, தேநீர்க் குவளைக்குள் கள்ளி, குளிக்கும் தொட்டிக்குள் பூசணிக்கொடி என்று பக்கத்துக்குப் பக்கம் படம். சொர்ணலட்சுமி அம்மாள் பத்திரிகையை ஊருக்குக் கொண்டுவந்து, கம்பெனியில் இங்கிலீஷ் கடிதம் டைப் அடிப்பவரை வரவழைத்துப் பொருள் கேட்டார்.

"வீட்ல வேலையத்துக் கிடக்கிற சாமான்ல செடி வைக்கணுமாம்மா. அதுக்குப் பேரு விசித்திர அழகுன்னு போட்டிருக்கான்."

அன்று முதல் பங்களாவில் வேலையற்ற சாமானைத் தேடும் பணி தொடங்கியது. இங்கேதான் சிக்கல். சிவகாசியில் எந்தச் சாமானும் வேலையற்றுக் கிடப்பதில்லை. பழைய காலண்டர் அட்டை அலமாரிக்கு அடியில் விரிப்பாக வேலை பார்க்கிறது. ஓட்டைக் குடம் கோழிக்கு வீடாக இருக்கிறது. பிய்ந்த செருப்பு வாட்ச்மேன் காலில் இரண்டாம் சர்வீஸ் செய்கிறது. மூன்று நாள் சல்லடை போட்டுத் தேடியதில் அந்த வீட்டில் வேலையற்றுக் கிடந்தது அம்மாளின் தம்பி கண்ணுச்சாமி ஒருவர்தான் என்று தெரிந்தது. அவருக்குள் செடி வைக்க வழியில்லை.

மனைவி முகம் வாடியதைக் காணப் பொறுக்காத காசிராஜன் மறுநாள் கம்பெனிக்குப் போனார். பன்னிரண்டு ஷெட்டுகள், ஒவ்வொரு ஷெட் வாசலிலும் இரண்டு சிவப்பு வாளிகள். ஒவ்வொன்றிலும் மணல், நெற்றியில் வெள்ளை எழுத்தில் 'தீ', அதற்குக் கீழே ஷெட் எண். ஆறு வருஷமாகப் பார்த்த காட்சியை அன்றைக்குத்தான் முதலாளி கலைக் கண்ணால் பார்த்தார்.

"ஏ பெத்தணா, இது எம்புட்டு நாளா இங்கன தொங்குது?"

"லைசென்ஸ் வாங்குன நாள்ல இருந்து மொதலாளி. ஆறு வருசம் ஆச்சு."

"ஆறு வருசத்துல என்ன வேலை பாத்திருக்கு?"

பெத்தணன் யோசித்தார். "வேலைன்னு ஒண்ணும் பாக்கலை மொதலாளி. தீப்பிடிச்சாத்தான அதுக்கு வேலை."

"பிடிச்சிருக்கா?"

"மாரியாத்தா புண்ணியத்துல இன்னும் இல்லை."

"அப்ப ஆறு வருசமாச் சும்மா தொங்குது."

"சும்மா தொங்கணும்னுதான் மொதலாளி தொங்குது."

"நல்லாருக்கே ஞாயம். இந்த ஊர்ல கைப்பிள்ளைக்காரியே ஒரு கையில பிள்ளையும் ஒரு கையில தீக்குச்சியுமா அடுக்கிட்டு உக்காந்திருக்கா. இதுக்கு மட்டும் சீமான் வீட்டு வாழ்க்கையா? ஏத்துலே லாரியில."

உழைப்பால் உயர்ந்த ஊரில் சும்மா இருந்த குற்றத்துக்காக வாளிகள் அன்று மாலையே மாற்றல் உத்தரவு பெற்றுப் பங்களாவில் பணியில் சேர்ந்தன. மணல் போய்ச் செம்மண்ணும் எருவும் வந்தன. மதுரையிலிருந்து குரோட்டன்ஸ் வந்தது. நாலே மாதத்தில் சிவப்பு வாளியும் மஞ்சளும் பச்சையுமான இலையுமாக முற்றம் ஜொலித்தது. நாலு நாளைக்கு ஒருதரம் குழாயில் தண்ணீர் வரும் ஊரில் அந்தச் செடிகளுக்கு மட்டும் தினம் இரண்டு வேளைக் குளியல். பார்க்க வந்த பெண்கள் வாளியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"இதுல 'தீ'ன்னு எழுதியிருக்கே, அது என்னக்கா?"

"அது டிசைன்," என்றார் சொர்ணலட்சுமி அம்மாள்.

கம்பெனியில் வாளி போன இடத்தில் வெறும் கொக்கிகள் நின்றன. அதையும் ஒருத்தி கவனித்தாள். பெத்தணனின் மனைவி முத்துப்பேச்சி. மூன்றாம் நம்பர் ஷெட்டில் அவள் சரவெடி பின்னுகிறாள்.

"ஏங்க, எங்க ஷெட்டு வாசல்ல கொக்கி சும்மா நிக்குதே, என் தூக்குச்சட்டியை மாட்டிக்கிடவா?"

"மாட்டிக்க."

"தீப்பிடிச்சா ரசத்தை எடுத்து ஊத்தவா?"

"அதெல்லாம் பிடிக்காது புள்ள."

"பிடிக்க மாட்டேன்னு ஒங்க மொதலாளிக்கு லெட்டர் போட்டிருக்காக்கும். அந்தச் செடிக்கு வேர்க்குதுன்னு தண்ணி ஊத்துதாக. வெடிமருந்துக்கு நடுவுல எட்டுப் பொம்பளைக உக்காந்திருக்கோம். எங்களுக்கு ஒரு கை மண்ணு இல்லை. நீங்க போர்மேனுன்னு மீசை வேற வச்சிருக்கீக."

மீசையைப் பற்றி இதற்கு மேல் பேச்சு வளர்வதை விரும்பாத பெத்தணன், "எப்படியும் வாளியத் திருப்பிக் கொண்டாந்துருவேன்" என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஆபீசுக்குப் போய், தினமும் எழுதும் பாதுகாப்பு நோட்டை விரித்து, 'மணல் வாளி: 24. உள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். எங்கே உள்ளது என்று கேட்க அந்த நோட்டில் கட்டம் கிடையாது. ஆகவே அது ஒரு நாளும் பொய் சொல்லவில்லை.

வாக்கை நிறைவேற்றும் வழி தபாலில் வந்தது. லைசென்ஸ் புதுப்பிப்பதற்காக வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் ஜெயச்சந்திரன் கம்பெனியைப் பார்வையிடுவார். எங்கோ ஒரு தொழிலாளியின் செருப்பில், உரசினால் பொறி பறக்கும் ஒரு இரும்பு ஆணி இருந்ததற்காக நாலு பக்கம் எழுதியவர் என்று பெயர் வாங்கிய இன்ஸ்பெக்டர். அதே வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு விருதுநகர் மாதர் மலர் மன்றத்தார் 'விசித்திர இல்லத் தோட்டம்' போட்டிக்காகப் பங்களாவைப் பார்வையிடுவதாகவும் ஒரு கடிதம் வந்தது. இரண்டு பார்வைக்கும் இருபத்து நான்கே வாளி.

பங்களாவின் சாப்பாட்டுக் கூடத்தில் அவசரக் கூட்டம் நடைபெற்றது. தலைமை: காசிராஜன். முன்னிலை: சொர்ணலட்சுமி அம்மாள். பார்வையாளர்: கண்ணுச்சாமி, முறுக்குடன். பெத்தணன் நின்றுகொண்டு கலந்துகொண்டார்.

"செடியப் பிடுங்கிட்டு மணலை ரொப்பிருவோம் மொதலாளி. அதுதான் முறை."

"பிடுங்குறதா?" என்றார் அம்மாள். "ஏம் பெத்தணன், ஒங்க வீட்லயும் பிள்ளைக இருக்குல்ல? நாலு மாசமாத் தூங்காம வளத்திருக்கேன்."

"வாளி இல்லைன்னா லைசென்ஸு போயிரும்மா."

"செடி இல்லைன்னா எம் மானம் போயிரும். போட்டியில நிக்கிற அந்தப் பத்திரகாளி அம்மா வீட்ல பழைய ரேடியோப் பெட்டிக்குள்ள கனகாம்பரம் வச்சிருக்காளாம்."

காசிராஜன் கண்ணை மூடித் தீர்ப்பு வழங்கினார். "செடியோட போகட்டும். இன்ஸ்பெக்டர் பாத்ததும் மூணு மணிக்குத் திரும்பி வந்துரட்டும்."

"இன்ஸ்பெக்டர் கேட்டா என்ன சொல்ல மொதலாளி?"

"மணல் முளைச்சிருச்சுன்னு சொல்லும்," என்றார் கண்ணுச்சாமி. அந்த ஆண்டு அவர் செய்த ஒரே வேலை அதுதான்.

பெத்தணன் அதற்கு மேல் வாதாடவில்லை. அவருக்குள் ஒரு திட்டம் முளைத்திருந்தது. ஆணிக்கு நாலு பக்கம் எழுதுகிறவர் குரோட்டன்ஸுக்கு நாற்பது பக்கம் எழுதமாட்டாரா? எழுதட்டும். வாளியில் மணலைப் போடு, இங்கேயே மாட்டு, இனி அசைக்காதே என்று ஒரு வரி எழுத்தில் வந்துவிட்டால், அப்புறம் அம்மாள் மட்டுமல்ல, ஆண்டவனே வந்தாலும் வாளியை எடுக்க முடியாது. முதலாளியிடம் தாம் சொல்ல முடியாததை ஒரு சர்க்கார் பேனா சொல்லப்போகிறது என்ற நினைப்பிலேயே அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"வியாழக்கிழமை வாளி வரும். வந்தா அப்புறம் போகாது," என்று முத்துப்பேச்சியிடம் சொன்னார்.

"நீங்க சொல்லிருவீகளாக்கும்."

"நான் ஏன் சொல்லணும். சொல்ல ஆள் வருது."

வியாழக்கிழமை காலை லாரி வந்தது. பெத்தணன் செடிகளை ஒளிக்கவில்லை. நன்றாக விரிந்த இலை பாதையைப் பார்க்கும்படி ஒவ்வொரு வாளியையும் திருப்பித் திருப்பி மாட்டினார். குற்றம் கண்ணில் படாமல் போய்விடக் கூடாதே என்ற கவலை அவருக்கு.

பத்து மணிக்கு ஜீப் உள்ளே வந்து மூன்றாம் நம்பர் ஷெட்டுக்கு எதிரில் நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். ஷெட் வாசலைப் பார்த்தார். அடுத்த வாசலைப் பார்த்தார். பன்னிரண்டு வாசலையும் பார்த்து முடித்தார்.

"இது என்ன?"

"மணல் வாளிங்கய்யா," என்றார் பெத்தணன், கண்டிப்புக்குத் தயாராகக் கைகட்டி.

"மேல ஏதோ நிக்குதே."

"குரோட்டன்ஸுங்கய்யா."

"விதிப்படி இதுல மணல்தானே இருக்கணும்?"

"அடியில இருக்கு சார்," என்றார் காசிராஜன் பணிவாக.

பெத்தணன் மூன்றாம் நம்பர் பக்கம் திரும்பி, 'இப்போ பாரு' என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். உள்ளே முத்துப்பேச்சி திரியைக் கையில் பிடித்தபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதால தீயை அணைக்க முடியும்னு நிரூபிச்சுக் காட்டுங்க. கேட்டுக்கு வெளியே போவோம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

கேட்டுக்கு வெளியே, உடைமரங்களைத் தாண்டி, வெட்டவெளியில் காகிதக் கழிவைக் குவித்து இன்ஸ்பெக்டரே தீ வைத்தார். பெத்தணன் ஒரு வாளியைத் தூக்கி, அது அணைக்கவே கூடாது என்று மனதார வேண்டிக்கொண்டு, தலைகீழாகக் கவிழ்த்தார். நாலு மாத வேர் மண்ணை இறுகப் பிடித்திருந்தது. குழாயிலிருந்து புட்டு இறங்குவதுபோல் மொத்த மண்ணும் ஒரே கட்டியாக இறங்கித் தீயின் மேல் சப்பென்று உட்கார்ந்தது. ஈர மண். தீ அதே இடத்தில் அணைந்தது. பக்கவாட்டில் சரிந்த குரோட்டன்ஸ், வென்ற படையின் கொடிபோல இலையை ஆட்டியது.

இன்ஸ்பெக்டர் கிட்டே போனார். குனிந்தார். இலையைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த ஜாதி? எங்க கிடைக்குது?"

"மதுரையில சார்," என்றார் காசிராஜன்.

"வீட்ல ரெண்டு வருஷமாக் கேட்டுட்டிருக்காங்க. நானும் ஊர் ஊராத்தான் சுத்தறேன், இப்படிப் புள்ளி விழுந்தது அமையல."

அன்று எழுதப்பட்ட அறிக்கை தோட்டக்கலைக்கும் தீயணைப்புக்கும் நடந்த கலப்புத் திருமணத்தின் பத்திரிகை என்று கொள்ளத்தக்கது. 'மணல் வாளிகள் முழுத் திருப்தி. ஈரப்பதத்தால் செயல்திறன் மிகுதி. தொழிலாளர் கண்ணுக்கும் குளிர்ச்சி. ஒவ்வொரு வாளியும் தன் மேல் எழுதிய எண்ணுள்ள ஷெட்டிலேயே நாளை முதல் நிரந்தரமாக இருத்தல் வேண்டும். எக்காரணம் கொண்டும் வேறிடம் கொண்டு செல்லலாகாது.'

பெத்தணன் அந்த வரியை இரண்டு முறை படித்தார். அவர் கேட்ட வரி. வேறு காரணத்துக்காக வந்திருந்தாலும் வரி வரிதான்.

அதற்கு அடுத்த வரி: 'ஆய்வுக்காக நான்கு மாதிரிகள் எடுத்துச் செல்லப்பட்டன.'

"பெத்தணா, நல்லதாப் பாத்து நாலை ஜீப்புல ஏத்து," என்றார் முதலாளி. பெத்தணன் ஏற்றினார். ஜீப் போனது.

கவிழ்ந்த செடியும் மறுபடி வாளியேற, மீதி இருபது வாளிகளும் ஒரு நாள் விடுப்பில் பங்களாவுக்குச் சென்று மாதர் மலர் மன்றத்தின் முதல் பரிசைப் பெற்றன. வெள்ளிக்கிழமை காலை, உத்தரவுப்படி அச்சங்குளம் திரும்பின. சொர்ணலட்சுமி அம்மாள் தடுக்கவில்லை. பரிசு வாங்கிய தோட்டத்தில் அவருக்கு இனி விசித்திரம் ஒன்றும் தெரியவில்லை. பத்திரிகையில் அடுத்த பக்கம் செடி வைத்த ஒரு படகு இருந்தது.

இருபது வாளிகளும் தத்தம் எண்ணுள்ள ஷெட்டில் மாட்டப்பட்டன. மிச்ச நாலுக்கு என்ன செய்ய என்று பெத்தணன் கேட்டதற்கு, "ஆய்வு முடிஞ்சு மாதிரி திரும்பி வரும்ல, அதுக்குள்ள என்ன அவசரம்" என்றார் முதலாளி. இன்ஸ்பெக்டர் வீட்டில் ஆய்வு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இலை நன்றாக வந்திருப்பதாகக் கேள்வி.

வாளி இல்லாத ஷெட்டுகள் மூன்றாம் நம்பரும் நான்காம் நம்பரும். ஜீப்புக்குக் கிட்டே இருந்தவை அவைதான். அன்று ஜீப்பில் ஏற்றும்போது வெயில் கடுமையாக இருந்ததால் பெத்தணன் அதற்கு மேல் நடக்கவில்லை.