அம்மாவின் சுண்டு விரலும் மேலணி இழையமும்

தெமோதரை,
வெள்ளிக்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள சிங்கராயர் சித்தப்பாவுக்கு,

நிலக்ஷனா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். பண்டாரவளையில் நீங்களும் சித்தியும் றுஷாந்தன் அண்ணனும் சுகமாயிருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறோம். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் எனக்கு வாய் வராது. பத்தாம் வகுப்போடு நான் நின்றதே எழுந்து வாசிக்கச் சொன்னால் காய்ச்சல் வந்ததால்தான். அப்படிப்பட்ட நான் புதன்கிழமை, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் நாற்பது பேருக்கு முன்னால் பேசினேன் சித்தப்பா.

போன மாதம் காலைப் பெரட்டில் விரல் பதிகிற மிஷின் ஒன்று வைத்தார்கள். பெருவிரலை வைத்தால் உள்ளேயிருக்கிற பொம்பளை “தேங்க் யூ” என்பாள், அன்றைக்குப் பேர் விழும். ஆளைத் தெரியாவிட்டால் கீ கீ என்று கத்துவாள், பேர் இல்லை, சம்பளமும் இல்லை. அம்மாவைக் கண்டால் கத்துவதே அவளுக்கு வேலை. அம்மா சோப்புப் போட்டுக் கழுவிப் பார்த்துச்சு, எண்ணெய் தடவிப் பார்த்துச்சு, தேசிக்காய்ப் புளி தேய்ச்சுப் பார்த்துச்சு, கடைசியில மிஷினுக்கு முன்னால சிலுவை போட்டும் பார்த்துச்சு, ஒன்றுக்கும் சரிவரல்ல, இந்த வாரம் மட்டும் ரெண்டு நாள் பேர் போச்சு. புதன்கிழமை, “நான்தான் நான்னு சொல்ல ஒரு ஆளு வேணும், வாடி” என்று என்னை இழுத்துக்கொண்டு போனது.

அன்றைக்கும் கத்தினாள். “மரியகொரட்டி, மிஷினுக்கு உன்னத் தெரியாதாம்” என்றார் கணக்கப்பிள்ளை புவனேந்திரன் ஐயா.

“ஐயாவுக்கு இருபத்திரெண்டு வருஷமாத் தெரியுமுங்களே.”

“எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? அதுக்குத் தெரியணுமே.”

அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டுக்குத் திரும்பியது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் தானாகத் திறந்துவிட்டது. “ஐயா, அது அம்மா குத்தம் இல்லீங்க. படைகொண்ட செதிள் மேலணி தேஞ்சிருக்கு.”

பக்கத்தில் நின்ற ரெங்கம்மா அக்கா ரெண்டடி தள்ளிப்போய், “ஒட்டுற நோயாடி?” என்றது.

பிறகு நான் நிறுத்தவில்லை சித்தப்பா. அண்ணன் பாஸ்காத் திருநாளுக்கு வந்தபோது விட்டுப்போன உயிரியல் பாடக் கொப்பி எனக்கு மனப்பாடம். உடம்புக்கு உள்ளேயும் வெளியேயும் போர்த்தியிருக்கிறது மேலணி இழையம், அது இடத்துக்குத் தக்க மாதிரி இருக்கும், நுரையீரலில் காத்து இலேசாப் போய்வர ஒரே ஒரு மெல்லிய தட்டை அடுக்கு, சிறுநீரகக் குழாயில பெட்டி பெட்டியா, குடலில் சாப்பாட்டை உறிஞ்ச தூண் தூணா, மூச்சுக்குழாயில நம்ம தேயிலைத் தூசியக்கூட கூட்டித் தள்ள பொடி மயிர் வச்சு, ஆனா தோலுக்கு உராய்ச்சல் அதிகம், அதால லயத்துச் சுவருக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி அடுக்கடுக்கா இருக்கும், மேலடுக்கு செத்து உதிரும், கீழேயிருந்து புதுசு ஏறிவரும், கொழுந்து பறிக்கிற விரலில் ஏறிவருவதற்குள் தேய்ஞ்சிடுது, பறிக்கிறது பெருவிரலும் ஆட்காட்டி விரலும்தானே, சுண்டு விரல் சும்மாதான் இருக்கு, அதைப் பதிங்க ஐயா என்றேன். எல்லாம் ஒரே மூச்சில்.

ஐயா அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டார். பிறகு அம்மாவின் சுண்டு விரலைப் புதிதாகப் பதிந்து, வைக்கச் சொன்னார். “தேங்க் யூ” என்றாள். “இந்தத் தோட்டத்துல எனக்குக் கெடைச்ச மொத நன்றி” என்றது அம்மா.

இப்போது லயத்தில் வெடித்த குதிகாலையும் வாய்ப்புண்ணையும் காட்டிக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள். சாதாரண தரப் பரீட்சையைத் தனியாக எழுதப்போகிறேன். கொப்பியைத் திருப்பித் தர மாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். சித்திக்கு என் ஸ்தோத்திரம். உங்கள் வீட்டில் ஆண்டவருடைய சமாதானம் தங்கட்டும்.

உங்கள் மகள்,
நிலக்ஷனா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு விஷயம். பதுளையிலிருந்து மிஷின்காரர் வந்து பார்த்தார். புது மிஷின் கண்ணாடியில் ஒட்டி வருகிற பிளாஸ்டிக் தாளை ஒரு மாதமாக யாரும் உரிக்கவே இல்லையாம். உரித்ததும் அம்மாவின் பெருவிரலுக்கே “தேங்க் யூ” என்றாள். “அப்ப நீ சொன்னதெல்லாம் சும்மாவா புள்ள?” என்று ஐயா எல்லார் முன்னாலும் கேட்டார். “இல்லீங்க ஐயா, மிஷினுக்கும் மேலணி இருந்திருக்கு. அத உதிர்க்கணும்னு யாருக்கும் தெரியல்ல” என்றேன். காய்ச்சல் வரவில்லை.