மாமியை உதாரணம் காட்டிய நாள்

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் நான் எவ்வளவோ நல்ல பேர் எடுத்திருப்பேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் இங்கிலீஷ் வாயால் கெட்டவள்.

அறுபதுகளின் ஆரம்பம். பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. வேலைக்குப் போகும் மருமகள் எங்கள் தெருவுக்கே புதுசு. மாமனார் ஒரே ஒரு தடவை போய்வர அனுமதித்தார். கிடைக்காவிட்டால் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. ஆண்கள் இருக்கும் அறைக்குள் என்னைத் தனியே விட முடியாது என்று மாமியாரும் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு குதிரை வண்டியில் ஏறிவிட்டார். (மாமி என்றால் வீடே நடுங்கும். அவர் இருமினால் என் கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்.)

உள்ளே தலைமையாசிரியர், தாளாளர், வயசான வக்கீல் ஒருவர். மாமிக்குக் கதவோரம் நாற்காலி போட்டார்கள். எனக்குக் குரலே எழும்பவில்லை. இந்தப் பெண் நாற்பது பிள்ளைகளை எப்படி அடக்கும் என்று தலைமையாசிரியர் சந்தேகப்பட்டார். அப்போது வக்கீல், 'ஃபார்மிடபிள்' என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார்.

அகராதியை மனப்பாடம் பண்ணிய எனக்கு உயிர் வந்தது. பார்த்ததுமே எதிராளியை மிரள வைக்கிற பலம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். லத்தீனில் அச்சத்தைக் குறிக்கும் சொல்லில் பிறந்து, பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது என்று யாரும் கேட்காத வரலாற்றையும் சேர்த்து ஒப்பித்தேன். ஒரு உதாரணம் சொல்லச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டை முழுசாக நின்றுகொண்டிருந்தது. அதைச் சொல்லாமல், "என் மாமியார்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். பாழாய்ப்போன கை வேறு கதவுப் பக்கம் நீண்டுவிட்டது.

மூவரும் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. தன்னைக் கைகாட்டி என்ன சொன்னாள் என்று கேட்டார். தலைமையாசிரியர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"உங்களப் பாத்தா பயமா இருக்காம்" என்றார்.

வேலை போச்சு, வீடும் போச்சு என்று நினைத்தேன். மாமி எழுந்து மேஜைக்குப் பக்கத்தில் வந்தார்.

"இவ பிள்ளைகள அடக்குவாளான்னுதானே யோசிக்கிறீக? எம்மூஞ்சிக்கு எதுக்க நின்னு எம்மகன்கூட இப்படிச் சொன்னதில்ல. இவ சொல்லிட்டா. இதுக்கு மேல ஒரு டீச்சருக்கு என்ன தைரியம் வேணும்?"

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எப்போது வேலையில் சேர முடியும் என்று தாளாளர் கேட்டார். என்னையல்ல, மாமியை.

திரும்பும் வழியில் வண்டிக்குள் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். பேகம்பூர் வந்ததும் மாமி, "அந்த வார்த்தைய இன்னொருக்கா சொல்லு" என்றார். சொன்னேன். இறங்குவதற்குள் நாலு முறை சொல்லவைத்துப் பழகிக்கொண்டார். "பார்மிடபுள்" என்றுதான் வந்தது. ராத்திரி சாப்பாட்டின்போது மாமனாரிடம் தனக்குக் கவர்மெண்டே பட்டம் கொடுத்த மாதிரிச் சொன்னார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். பிள்ளைகள் என்னைக் கண்டு பயந்தார்கள் என்றே கேள்வி. என் மகனுக்குக் கல்யாணமாகி வந்த மருமகள் ஒருநாள் என்னைக் காட்டி விளையாட்டாக, "எங்க மாமி ரொம்ப ஃபார்மிடபிள்" என்றாள். பல்லெல்லாம் கொட்டிப்போய்ப் படுத்திருந்த என் மாமி கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அது எம்பேரு. இவளுக்கு வேற பாத்துக்க."

இன்றுவரை எங்கள் வீட்டில் எனக்கு வேறு பேர் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.