ஓடினால்தான் மதிப்பெண்

ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பழுதுபார்த்த மேசை மின்விசிறி, பழுதுபார்ப்பதற்கு முன்பு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

"நேத்து ஓடுச்சே!" என்றார் அறிவியல் ஆசிரியை.

"ஓடுச்சு டீச்சர். ஓடுறதை எப்படி ரிப்பேர் பண்றது? அதான் கழட்டினோம்," என்றாள் ஒரு மாணவி. எந்நேரமும் சட்டைப்பையில் திருப்புளி வைத்திருந்ததால், திருப்புளி என்பதே அவளுக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

சுழற்சிப் பொருளாதாரத்தைக் கரும்பலகையில் வட்டம் போட்டு விளக்கினால் வட்டம் மட்டுமே மனத்தில் நிற்கும், கையால் செய்தால்தான் கருத்து நிற்கும் என்பது ஆசிரியையின் உறுதியான எண்ணம். எனவே, ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள பழுதான பொருளொன்றைக் கொண்டுவந்து, சரிசெய்து, மீண்டும் பயன்பாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று அறிவித்திருந்தார். ஓடினால்தான் மதிப்பெண்.

வீடுகளில் பழுதான பொருள்கள் இல்லை. பழுதானவை அன்றன்றே குப்பைக்குப் போய்விட்டன. அதைத் தடுக்கத்தான் இந்த வகுப்பே. ஆகவே பிள்ளைகள் நல்ல பொருள்களைக் கொண்டுவந்தார்கள்.

"நெஜமாவே கெட்டுப் போயிருந்தாதான் மார்க்," என்று ஆசிரியை விதியைத் திருத்தினார்.

மறுநாள் வந்தவை அனைத்தும் உண்மையாகவே கெட்டுப் போயிருந்தன. பெரும்பாலானவை அன்று காலையில்தான்.

ஒரு தந்தை தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், எங்க வீட்டு இஸ்திரிப்பெட்டியை எம் பையன் மாடியிலேருந்து கீழ போட்டிருக்கான். ஏன்டான்னு கேட்டா ஹோம்வொர்க்குங்கிறான்!"

வீட்டுப் பொருள்களைத் தொடக்கூடாது, பள்ளியின் பழைய பொருள்களே போதும் என்று ஆசிரியை இரண்டாம் திருத்தத்தை வெளியிட்டார். அந்த வாரத்திற்குள் நூலகத்து வானொலியும் அலுவலகத்து மேசைவிளக்கும் பள்ளியின் மின்சார மணியும் ஆய்வகத்து மேசையில் துண்டு துண்டாகக் கிடந்தன. பள்ளி மணி ஒலிக்காததால் இரண்டு பாடவேளைகள் முடியவே இல்லை.

இந்த நிலையில்தான் தலைமையாசிரியை அவரை அழைத்தார்.

"நாளைக்கு மேலிடத்திலேருந்து ஆபீசர் வர்றாரு. உங்க கிளாஸ் இருக்கணுமா, இழுத்து மூடணுமான்னு அவர்தான் சொல்லுவாரு. மூடச் சொன்னா அந்த லேப் ரூமும் போயிடும்."

அந்த அறைக்காக ஆசிரியை மூன்றாண்டுகள் நடையாய் நடந்திருந்தார்.

"எனக்கு நாளைக்கு மீட்டிங். நீங்கதான் இருந்து கவனிக்கணும். இன்னொண்ணு, பழைய இரும்பு எடுக்கிறவரையும் நாளைக்கே வரச் சொல்லித் தொலைச்சுட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்காம பாத்துக்கங்க."

மாலைக்குள், இனி எதற்கும் உதவாத துண்டுகளெல்லாம் பின்புறக் கொட்டகைக்குப் போயின. மீதியைத் திருப்புளியும் அவள் கூட்டாளிகளும் எப்படியோ ஒன்று சேர்த்திருந்தார்கள்.

"எல்லாம் ஓடும் டீச்சர். எல்லாத்துக்கும் ஒரே மாதிரி சாக்கெட் மாட்டிட்டோம். ஆனா ஒயர் ஒண்ணுதான் முழுசா இருக்கு."

"ஒண்ணு வெச்சு எப்படிம்மா?"

"ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு ரூம்ல வெச்சிடலாம். நீங்க அவரை மெதுவா கூட்டிட்டு வாங்க. நாங்க ஒயரோட முன்னாடி ஓடிடறோம்."

வேறு வழி இல்லாத இடத்தில் இதுவும் ஒரு வழியாகத் தெரிந்தது.

மறுநாள், பளபளவென்ற வண்டியிலிருந்து, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் ஒருவர் இறங்கினார்.

"ஹெட்மாஸ்டரம்மா வரச் சொன்னாங்க. சாமானெல்லாம் எங்க?"

வீண் பேச்சில்லாத மனிதர் என்று ஆசிரியை மதிப்புடன் குறித்துக்கொண்டார்.

ஆய்வகத்தில் மின்விசிறி சுழன்றது. வந்தவர் அதைத் தூக்கிப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார்.

"உள்ள செம்புதானே?"

"செம்புதான் சார்."

"பிரிச்சுப் பாத்தீங்களா?"

"நல்லாவே பிரிச்சோம் சார்," என்றார் ஆசிரியை. அவர் வாழ்நாளில் அதைவிட உண்மையாக எதையும் சொன்னதில்லை.

அவர்கள் நடைவழியில் திரும்புவதற்குள், ஒயர் சன்னல் வழியே வெளியேறி, தோட்டத்தைச் சுற்றி, நூலகத்துக்குள் புகுந்தது. வானொலி பாடியது.

"இதுவும் ஓடுதா?" என்று வந்தவர் முகத்தைச் சுருக்கினார். எளிதில் மகிழாத அதிகாரி என்று ஆசிரியை கலங்கினார்.

அப்போது பியூன் வந்து காதைக் கடித்தார். "டீச்சர், பஸ்லேருந்து எறங்கி ஒருத்தர் பையோட நிக்கிறாரு. கசங்கின சட்டை. பழைய சாமானையெல்லாம் என்ன பண்றீங்கன்னு கேக்குறாரு."

"கொட்டகையைத் தொறந்து விடுங்க. இந்தப் பக்கம் மட்டும் வரக்கூடாது."

அலுவலகத்தில் விளக்கு எரிந்தது. அதன் பின்னால் திருப்புளி மூச்சிரைத்தபடி நின்றாள். அதற்குள் பியூன் மறுபடியும் வந்தார்.

"பசங்க எப்படி வேலை செய்யறாங்கன்னு பாக்கணுமாம்."

"அவரை முதல்ல வேலை செய்யச் சொல்லுங்க! அங்க கெடக்கிறதையெல்லாம் பிரிச்சு அடுக்கட்டும். ஓரத்துல ஒரு சுத்தியல் இருக்கும், கொடுங்க."

கடைசியாகப் பள்ளி மணி ஒலித்தது. சில நாள்களுக்குப் பின் ஒலித்ததால் ஐந்து வகுப்புகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டன. அவர்களைத் திருப்பி உட்கார வைத்துவிட்டு, ஆசிரியை வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் முன் நின்றார்.

"சார், உங்க அபிப்பிராயம்?"

வந்தவர் பெருமூச்சு விட்டார். "என்னத்தம்மா சொல்றது? எல்லாமே ஓடுது. ஓடுறதை நான் என்ன பண்ணுவேன்? ஒடைஞ்சது ஏதாவது இருந்தா காட்டுங்க, எடை போட்டு எடுத்துக்கறேன். தராசு வண்டியிலதான் இருக்கு."

ஆசிரியை கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். திருப்புளியின் கையிலிருந்து ஒயர் நழுவியது.

வாசலில் நின்ற பியூன் தலையைச் சொறிந்தார்.

"அப்போ டீச்சர், சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு, அங்க இரும்பு வேற அலுமினியம் வேறன்னு தட்டிப் பிரிச்சுட்டிருக்காரே, அவர் யாரு?"