ஏரிக்கரையைக் கண்டுபிடித்தவர்

கடல் தாண்டிப் போய்க் கண்டங்களைக் கண்டுபிடித்தவர்களை உலகம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஏரியைக் கண்டுபிடித்த மாமனிதர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயரை இதுவரை ஒரு சந்துக்குக்கூட யாரும் வைக்கவில்லை. அந்த அநீதியை என்னால் முடிந்த மட்டும் இங்கே சரிசெய்கிறேன்.

அவர் ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதுகிறவர். பற்பசையிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை அவருடைய வாசகம் இல்லாமல் எதுவும் விற்றதில்லை. இது அவரே சொன்ன தகவல். ஆறு மாதத்துக்கு முன்பு அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. சரியாகச் சொன்னால், குழந்தை அவர் மனைவிக்குப் பிறந்தது. அவருக்கு வாழ்த்துகள் வந்தன. வீட்டில் அதற்குச் சுண்டெலி என்று செல்லப்பெயர்.

அதற்கு ஐந்து மாதம் ஆகிற சமயம் பார்த்து, குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடக்கிற பை ஒன்றைத் தயாரித்த கம்பெனி விளம்பரம் கேட்டு வந்தது. மேலாளர் உடனே அவசரக் கூட்டம் போட்டார்.

"புதுசா அப்பா அம்மா ஆனவங்க வீட்டுக்குப் பக்கத்துலயே சின்னச் சின்னப் பயணம் போறாங்க. நெஞ்சுல இந்தப் பை, பைக்குள்ள குழந்தை. இதான் விஷயம். உங்களுக்கு உத்வேகம் வந்துச்சா?"

"இன்னும் இல்ல சார். எங்கயாவது மலைப்பக்கம் ஒரு வாரம் தங்கினா வரும்."

"லீவு கிடையாது. பக்கத்துலயே கிடைக்கிற உத்வேகமாப் பாருங்க."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மாதிரிக்கு ஒரு பையையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அன்று சாயங்காலமே அவர் வீட்டில் அறிவிப்பை வெளியிட்டார்.

"ஞாயித்துக்கிழமை நாம பயணம் போறோம்."

"எங்கங்க?"

"ஏரிக்கரைக்கு."

மனைவிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. குழந்தை பிறந்த பிறகு அவள் போய் வந்த வெளியூர், வெளிநாடு எல்லாமே டாக்டர் வீடுதான்.

"அங்க மரத்தடியில ஒரு பெஞ்ச் இருக்கும்ங்க. அதுல நான் கொஞ்ச நேரம் தனியா உக்காரணும். கையில ஒண்ணும் இல்லாம, சும்மா. எனக்கு அது போதும்."

"தாராளமா உக்காரு" என்றார். தாராளமாகச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

பயணத்துக்கு ஒரு 'ஏற்பாட்டுக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் அவர். உறுப்பினர் மனைவி. உறுப்பினர் துணிகளை மடித்தார், மாற்றுத்துணிகளை மடித்தார், மாற்றுத்துணிக்கு மாற்றையும் மடித்தார், பால் புட்டியைக் கொதிக்க வைத்தார், வெந்நீர் பிளாஸ்க்கை நிரப்பினார். தலைவர் "எல்லாம் எடுத்தாச்சா?" என்று கேட்டார். பெரிய பொறுப்பு அது.

ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மனைவியின் நெஞ்சில் மாதிரிப் பை, பைக்குள் சுண்டெலி, தோளில் மூட்டை, கையில் பிளாஸ்க். அவர் கையில் செல்போன், எண்ணங்களைப் பேசிப் பதிவு செய்ய. பெஞ்ச் காலியாகத்தான் இருந்தது.

"கொஞ்ச நேரம் இவளைப் பிடிங்களேன்" என்றாள்.

அவர் ஒரு விரலை உயர்த்தினார். "இரு இரு. வருது."

"என்ன வருது?"

"உத்வேகம்."

அதன் குணம் அப்படி. குழந்தைக்குத் துணி மாற்ற வேண்டிய நேரமாகப் பார்த்துத்தான் அது வரும். துணி மாற்றி, பால் கொடுத்து, ஏப்பம் விட வைத்து முடிந்ததும் அதுவும் போய்விடும். அது போனதும் அவர், "போலாமா? எனக்குக் களைப்பா இருக்கு" என்றார்.

அடுத்த ஞாயிறும் போனார்கள், அதற்கடுத்த ஞாயிறும் போனார்கள். நின்றுகொண்டே யோசித்தால் சரியாக வருவதில்லை என்று பெஞ்சில் அவரே உட்கார ஆரம்பித்தார். மனைவி குழந்தையைத் தட்டிக்கொண்டே பெஞ்சைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். கோயில் பிராகாரத்தைச் சுற்றினாலாவது புண்ணியம் கிடைத்திருக்கும்.

"குழந்தையைச் சுமப்பது ஒரு தனி சுகம்" என்று அவர் செல்போனிடம் சொன்னார்.

"யார் சொன்னா?"

"சும்மாயிரு, பதிவாகுது."

கடைசியில் வாசகம் பிறந்தது. மனைவிக்குக் குழந்தை பிறந்தபோதுகூட அவர் அவ்வளவு களைத்ததில்லை. 'முதல் பயணம், அப்பாவின் நெஞ்சோடு.' அலுவலகக் கூட்டத்தில் அதை வாசித்ததும் மேலாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அனுபவிச்சு எழுதியிருக்கீங்க சார். இதுக்கு நடிகர் எதுக்கு? நிஜ அப்பா, நிஜக் குழந்தை, நிஜ ஏரி. உங்களையே வச்சுப் படம் எடுத்துடலாம்."

நம்மவர் அடக்கத்தோடு சம்மதித்தார். அன்றே போய் முடி வெட்டிக்கொண்டும் வந்தார்.

படப்பிடிப்பு நாளில் ஏரிக்கரையே திருவிழாவாக இருந்தது. குடை பிடிக்க ஒருவர், அவருக்கு இடம் காட்ட ஒருவர். நம்மவர் பையை வாங்கி, பள்ளிக்கூடப் பை மாதிரி முதுகில் மாட்டிக்கொண்டு கம்பீரமாக நின்றார்.

"சார், அது முன்னாடி வரணும்" என்றார் படக்காரர்.

மனைவி வந்து கழற்றி, திருப்பி மாட்டி, கொக்கியை இறுக்கி, சுண்டெலியை உள்ளே வைத்தாள். சுண்டெலி அண்ணாந்து பார்த்தது. அந்த முகத்தை அது செல்போனுக்குப் பின்னால், தூரத்தில், பலமுறை பார்த்ததுதான். இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. உதடு பிதுங்கியது. அப்புறம் வீறிட்ட வீறலில் ஏரியில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டன.

"நான் அப்பாடா செல்லம், அப்பா!" என்றார் நம்மவர்.

இந்தத் தகவலைக் கேட்டதும் அழுகை இரண்டு மடங்காயிற்று. படக்காரர் மெல்ல மனைவி பக்கம் சாய்ந்து, "மேடம், நிஜ அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டார்.

மேலாளர் வெயிலின்மேல் பழியைப் போட்டார். வேறு வழியில்லாமல் ஒரு நடிகனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கல்யாணம் ஆகாத பையன். சட்டை விளம்பரங்களில் சிரிக்கிறவன். வந்தவன் கையைக் கழுவினான், பையை ஒரே இழுப்பில் கட்டினான், குழந்தையின் தலைக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து வாங்கிக்கொண்டான்.

"எங்க அக்காவுக்கு ரெட்டைக் குழந்தைங்க. வளத்ததுல பாதி நான்தான்" என்றான். பிறகு மனைவியைப் பார்த்து, "ராத்திரி தூங்க விடுறாளாக்கா?" என்று கேட்டான்.

ஆறு மாதத்தில் அவளிடம் அதை யாரும் கேட்டதில்லை. "எங்க தம்பி விடுறா! ராத்திரிக்கு நாலு தடவை எழுப்புறா" என்று அவள் கொட்டித் தீர்த்தாள். சுண்டெலி அவன் காதைப் பிடித்து இழுத்துக் கெக்கெக்கே என்று சிரித்தது.

கை இரண்டும் காலியானதும் அவற்றை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தாள். தண்ணீரைப் பார்த்தாள். எதையும் யோசிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவளுக்கு.

நம்மவர் வாடிய முகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாத்தியா அநியாயத்தை? என் வாசகத்துக்கு அவன் நிக்கிறான்."

"நல்லாத்தான் நடிக்கிறாரு. அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவாரான்னு கேளுங்க."

"கேட்டா அதுக்கும் காசு கேப்பான். கொஞ்ச நேரம் அப்பாவா நடிச்சதுக்குக் காசாம், காசு!"

அவள் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"பின்ன? எல்லாரும் உங்களை மாதிரி ஆறு மாசமா இனாமாவே நடிப்பாங்களா?"